நீருக்குள் நிதானம்

பெங்களூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். கிழக்கு நோக்கிப் புறப்பட்டாலும் மேற்கு நோக்கிப் புறப்பட்டாலும், கடலலையில் கால் நனைக்கச் சாலைவழியே 300 கிலோமீட்டருக்குக் குறையாமல் செல்லுதல் வேண்டும். அத்தகைய ஊரிலும் கடலுக்கடியில் மூழ்கும் கலையைப் பயில்வோர் இருக்கின்றனர். சனி, ஞாயிறுகளில் நீச்சற்குளத்தில் பயில்கின்றனர். விடுமுறை வந்ததும், கர்நாடகக் கரையில் முருதேசுவரத்திற்கு எதிரேயுள்ள நேத்ராணித் தீவுக்கோ, புதுச்சேரிக்கோ, அந்தமானுக்கோ புறப்பட்டுவிடுகின்றனர். அடுகோடியில் வாழும் நானும், கல்லூரியில் முதலாண்டு பயிலும் என் மகளும் 2024ஆம் ஆண்டில் அவ்வாறு பயின்றவர்களே.

காற்றைக் கலத்தில் அடைத்து முதுகில் சுமந்து மூழ்கும் இம்முறைக்கு ஸ்கூபா என்பது பெயர். இதன் முதற்பயிற்சியை நாங்கள் முன்னரே முடித்திருந்தோம். முதற்பயிற்சி கீழே இறங்கவும் மேலே ஏறவும் கற்பிக்கும். நான் ஈண்டுக் கூற வந்தது அதற்கடுத்த வகுப்பைப் பற்றியது. அவ்வகுப்பில் கற்பிப்பது ஒன்றே ஒன்று: அமிழ்ந்து போகாமலும் மேலெழுந்து விடாமலும், விரும்பிய ஆழத்தில் அசையாது நிற்றல். இதனைச் சொன்னபோது எங்கள் தெரு நண்பர் ஒருவர், "நீருக்குள் சும்மா நிற்பதற்கும் ஒரு வகுப்பா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். சும்மா இருத்தல் எவ்வளவு அரிது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தரையிலேயே அரிதான அது, நீரில் எளிதாகிவிடுமா?

மூழ்குதல் தமிழர்க்குப் புதிய தொழிலன்று. பாண்டியரின் கொற்கைத் துறை முத்தினால் உலகறிந்த துறை. கொற்கை தூர்ந்து கடல் விலகிய பின்னர், அத்தொழில் தூத்துக்குடியில் நிலைபெற்றது. சிப்பி விளைந்த ஆண்டுகளில் மட்டும் முத்துக்குளிப்பு நடைபெறும். தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டு நடந்ததே இறுதி முத்துக்குளிப்பு. என் தாயாரின் தந்தையார் அக்காலத்தில் முத்தும் சங்கும் குளித்தவர். கயிற்றில் கட்டிய கனமான கல்லின்மேல் காலை ஊன்றி, மூச்சை அடக்கி, ஏழெட்டுப் பாகம் ஆழத்திற்கு இறங்குவார்கள். ஒரு நிமிட அளவில் கைக்குக் கிடைத்ததைப் பையில் அள்ளிக்கொண்டு கயிற்றை அசைப்பார்கள். உடனே தோணியில் இருப்பவர் மேலே இழுத்துவிடுவார். அக்கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராக இருத்தல் வேண்டும் என்று எங்கள் கடற்கரையில் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலிக்கு ஊறு நேரலாகாது என்னும் கவலை அவருக்கன்றோ மிகுதியாக இருக்கும்! என் பாட்டனாரின் கயிற்றைப் பிடித்தவரும் என் தாயாரின் தாய்மாமனே.

ஆகவே, நாங்கள் இவ்வகுப்பிற்குச் செல்வதை அறிந்ததும் என் தாயார் மகிழவில்லை. "அந்தக் காலத்தில் வயிற்றுப்பாட்டிற்காக மூழ்கினார்கள். உனக்கும் பிள்ளைக்கும் இப்போது என்ன குறைந்து போயிற்று?" என்று கேட்டார்கள். நான் மறுமொழி கூறுமுன்னரே அடுத்த வினாவும் எழுந்தது: "அது இருக்கட்டும். கயிற்றை யாரப்பா பிடிப்பது?"

"இம்முறையில் கயிறு இல்லை, அம்மா" என்றேன். "இருவர் இருவராகவே இறங்குவோம். ஒருவர் கலத்தில் காற்று தீர்ந்துபோனால் மற்றவர் கலத்திலிருந்து மூச்செடுக்கலாம். அதற்கென ஒவ்வொருவரிடமும் இன்னொரு வாய்க்கருவி இருக்கும்."

தாயார் சற்று நேரம் எண்ணிப் பார்த்தார்கள். பிறகு, "அவள் ஒரு பக்கமும் நீ ஒரு பக்கமுமாகப் போய்விட்டால் அந்தக் கருவி எதற்கு உதவும்?" என்றார்கள்.

கடலில் ஒரு நாளும் மூழ்காத அம்முதியவர் கேட்ட இவ்வினாவே, மிதப்புப் பயிற்சியின் உயிர்நிலை என்பதைப் பயிற்சி தொடங்கிய பின்னரே நான் முழுதும் உணர்ந்தேன். கயிறு இருந்த காலத்தில் மூழ்குவோன் இறங்கவும் ஏறவும் தெரிந்திருந்தால் போதும். கயிறு இல்லாத இக்காலத்தில், துணைவரின் அருகே அதே ஆழத்தில் நிற்கத் தெரிந்திருத்தல் வேண்டும். ஒருவர் தம்மையறியாமல் அமிழ, மற்றவர் தம்மையறியாமல் மேலெழுந்தால், இருவருக்கும் இடையில் உதவி என்பதே இல்லாமற் போகும்.

இனி, மிதப்பு என்பது யாது எனக் காண்போம். நீரில் மூழ்கிய பொருளை, அது விலக்கிய நீரின் எடைக்கு ஒப்பான விசை மேல்நோக்கித் தள்ளுகிறது. இஃது ஆர்க்கிமிடீஸ் இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் கண்ட உண்மை. நம் எடையும் அவ்விசையும் சமமானால் அமிழ்தலும் இல்லை, எழுதலும் இல்லை. இச்சமநிலையை அடைய மூழ்குவோரிடம் மூன்று துணைகள் உள்ளன. இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகள் ஒன்று. வேண்டும்போது காற்றை ஏற்றியும் இறக்கியும் கொள்ளத்தக்க சட்டை மற்றொன்று. மூன்றாவது, நம் நெஞ்சே. ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஒரு கிலோ. ஆழ்ந்து மூச்சிழுத்து நுரையீரலில் இரண்டு லிட்டர் காற்று கூடினால், இரண்டு கிலோ ஈயத்தைக் கழற்றி வைத்தாற்போல உடல் எழும்புகிறது. மூச்சை வெளிவிட்டால் மீண்டும் இறங்குகிறது. ஈயமும் சட்டையும் பேரளவான திருத்தத்திற்கு உரியவை. நுண்ணிய திருத்தம் முழுதும் மூச்சினுடையது.

எங்கள் பயிற்சி அடுகோடிக்கு அதிகத் தொலைவில்லாத ஒரு நீச்சற்குளத்தில் நடைபெற்றது. ஆழமான பகுதியே மூன்று மீட்டர்தான். பயிற்சியாளர் கன்னடத்து இளைஞர். முதல் நாள் எங்களை நீந்தவே விடவில்லை. எடை பார்த்தலிலேயே பொழுது கழிந்தது. சட்டையில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, இயல்பான மூச்சை உள்ளே நிறுத்தி, நீர்மட்டத்தில் அசையாது நிமிர்ந்து நிற்கவேண்டும். நீர் கண்ணளவில் நிற்குமாயின் எடை சரி. மூச்சை விட்டதும் உடல் மெல்ல அமிழவேண்டும். விரைந்து அமிழ்ந்தால் ஈயம் மிகுதி என்பது பொருள். எனக்கு ஆறு கிலோவில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கழற்றி, நான்கு கிலோவில் நிறுத்தினார். என் மகளுக்கு மூன்று கிலோ போதுமானதாயிற்று.

ஈயம் மிகுந்தால் என்ன கேடு என வினவலாம். மிகுந்த ஈயத்தைச் சமப்படுத்தச் சட்டையில் மிகுந்த காற்றை ஏற்ற நேரும். அக்காற்று ஆழத்திற்கேற்பச் சுருங்கியும் விரிந்தும் நம்மை இழுத்தடிக்கும். 1662ஆம் ஆண்டு ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இதனை விளக்குகிறது. கடலின் மேற்பரப்பில் காற்றின் அழுத்தம் ஒரு மடங்கு. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் இன்னொரு மடங்கு கூடுகிறது. மேலே இரண்டு லிட்டராக இருந்த காற்று 10 மீட்டரில் ஒரு லிட்டராகச் சுருங்கும். சற்று இறங்கினால் சட்டையின் காற்று சுருங்கி மேலும் இறங்குவோம். சற்று ஏறினால் விரிந்து மேலும் ஏறுவோம். ஒரு சிறு சாய்வு தானே வளர்ந்து பெருஞ்சாய்வாகிவிடும். சட்டையில் காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு அமைதி.

இன்னொரு நுட்பமும் உண்டு. சிலிண்டரில் அடைத்த காற்றுக்கும் எடை உண்டு. மூழ்கி முடிப்பதற்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ காற்றை மூச்சுவிட்டே தீர்த்துவிடுகிறோம். தொடக்கத்தில் சரியாக இருந்த எடை முடிவில் குறைந்து, மேலே தூக்கும். ஆதலின் ஈயத்தைக் கணிக்கும்போது, கலம் காலியாகும் நிலையையும் கருத வேண்டும். கல்லைக் கட்டி மூழ்கிய பாட்டனாருக்கு இக்கணக்குத் தேவைப்படவில்லை. அடியை அடைந்ததும் கல்லை விட்டுவிடுவார்.

இரண்டாம் நாள் குளத்தின் அடியில் குப்புறப் படுத்தோம். கால்விரல்களில் அணிந்த துடுப்பின் நுனி மட்டும் தரையைத் தொடலாம். மூச்சை இழுத்தால் தோள் எழவேண்டும், விட்டால் தணியவேண்டும். இதில் வியப்பு யாதெனில், மூச்சிழுத்த உடனே உடல் எழுவதில்லை. ஓரிரு விநாடி கழிந்தே எழுகிறது. அதற்குள் பொறுமையிழந்து இன்னும் இழுத்தால் தேவைக்கு மேல் எழுந்துவிடும். பயிற்சியாளர் தலையை வெளியே நீட்டும் போதெல்லாம் கூறிய சொல் ஒன்றே: "நிதானா, நிதானா." கன்னடத்தில் அதற்கு மெல்ல, அவசரப்படாமல் என்பது பொருள். என் காதிலோ அது தமிழ் நிதானமாகவே விழுந்தது. கலங்காத தெளிவு, நிலை தவறாமை என்னும் பொருள் அதில் தொனித்தது. இரு மொழியின் பொருளும் அவ்விடத்திற்குப் பொருந்தியதை எண்ணி மகிழ்ந்தேன். அண்டை மொழிகள் ஒரே சொல்லைப் பங்கிட்டுக்கொண்டு ஒன்றுக்கொன்று உரை எழுதுவதை இவ்வூரில் வாழ்வோர் நாள்தோறும் கேட்கலாம்.

பின்னர்த் தரையை விட்டுச் சற்று மேலே, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினோம். கைகால்களை அசைத்து நிலைநிறுத்த முயன்றால் அது மிதப்பன்று, நீச்சலாகிவிடும். அசைவு மிகுந்தால் மூச்சும் மிகும். காற்று விரைந்து தீரும். வளையங்களை நட்டு, அவற்றைத் தொடாமல் ஊடே செல்லச் செய்தார். ஈயக் கட்டிகளில் ஒன்றை இடுப்பிலிருந்து முதுகுப்புறம் மாற்றியதும், கால் தாழ்ந்து கிடந்த என் உடல் கிடைமட்டமாக நின்றது. எடையின் அளவு மட்டுமன்றி அது இருக்கும் இடமும் கருதத்தக்கது என்பது அப்போது விளங்கிற்று. மூன்றாம் நாள் இறுதியில் நானும் மகளும் எதிரெதிரே, கைக்கெட்டும் தொலைவில், ஒரே மட்டத்தில் ஐந்து நிமிடம் நின்றோம். அவள் மூச்சை நானும், என் மூச்சை அவளும், எழும் குமிழிகளைக் கொண்டு எண்ணிக்கொண்டிருந்தோம். தாயார் கேட்ட வினாவிற்குரிய விடை அங்கேதான் கிடைத்தது.

குளத்தில் கற்ற எடை கடலுக்கு ஒவ்வாது என்பதையும் இங்கே குறிப்பிடுதல் நலம். உப்புநீர் நன்னீரைவிட ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. கருவிகளோடு 100 கிலோ எடையுள்ள ஒருவர் குளத்தில் சமநிலை பெற்றிருப்பாராயின், கடலில் இன்னும் இரண்டரைக் கிலோ ஈயம் சேர்த்தல் வேண்டும். நகரத்துக் குளத்தில் பயின்று கடலுக்குச் செல்வோர் ஒவ்வொருவரும், படகிலிருந்து இறங்கியதும் எடைச் சோதனையை மீண்டும் செய்தே தீரவேண்டும்.

2024ஆம் ஆண்டு டிசம்பரில் நேத்ராணிக்குச் சென்றோம். முருதேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவில் அரபிக்கடலில் உள்ள தீவு அது. புறாத்தீவு என்றும் பெயர். மழைக்காலத்தில் அங்குச் செல்லவியலாது. குளிர்காலத்தில் நீர் தெளிந்திருக்கும். ஒன்பது மீட்டர் ஆழத்தில், பாறைகளின்மேல் பவழம் படர்ந்திருக்க, மீன்கூட்டங்கள் எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தன. பவழம் கல்லன்று, சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. பாறை போன்று திரண்ட பவழம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரே வளரும். நிலைகொள்ளாத ஒருவரின் கால்துடுப்பு ஒருமுறை பட்டால், பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் முறிந்துவிடும். மன்னார் வளைகுடாவில் முன்னாளில் சுண்ணாம்புக்காகப் பவழத்தை வெட்டி எடுத்ததனால், அங்குள்ள தீவுகளில் இரண்டு கடலுள் மறைந்துபோன வரலாற்றைத் தூத்துக்குடியார் அறிவர். 1986ஆம் ஆண்டு அத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001ஆம் ஆண்டு முதல் பவழம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பிலும் உள்ளது. ஆயினும், நீருக்கடியில் சட்டத்தைக் காக்கக் காவலர் எவரும் நிற்பதில்லை. அங்கே பவழத்தைக் காப்பது மூழ்குவோரின் மூச்சு ஒன்றே.

அவ்விடத்தில்தான் நாங்கள் கற்றது சோதிக்கப்பட்டது. நீரோட்டம் சற்று வலுத்தபோது, முன்னே சென்ற ஒருவரின் கால்துடுப்பு என் மகளின் முகக்கண்ணாடியில் பட்டு, உள்ளே நீர் புகுந்துவிட்டது. கண்ணிலும் மூக்கிலும் உப்புநீர் ஏறும்போது மனித இயல்பு இரண்டைச் செய்யத் தூண்டும்: மூச்சை அடக்கிக்கொள்வது, மேலே பாய்வது. இவ்விரண்டும் சேர்ந்தால் உயிருக்கே கேடு. ஒன்பது மீட்டரில் நுரையீரலில் அடக்கிய காற்று, மேலே வருமுன் இருமடங்கு அளவிற்கு விரியும், நுரையீரல் தாங்காது. ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து நிறைந்த நெஞ்சோடு மூச்சை அடக்கி எழுந்தாலும் ஊறு நேரக்கூடும். மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது என்பதை இக்கலையின் முதல் விதியாக வைத்ததன் காரணம் இதுவே.

நான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் ஓர் அடியும் எழவில்லை. ஓர் அடியும் தாழவில்லை. வாய்வழியே மூச்சு மெல்ல வந்து போய்க்கொண்டிருந்தது. குமிழிகள் சீராக எழுந்தன. நானும் அதே மட்டத்தில் நின்று அவள் தோள்வாரைப் பற்றிக்கொண்டேன். அவள் கண்ணாடியின் மேல்விளிம்பை அழுத்தி மூக்கினால் ஊத, நீர் கீழ்வழியே வெளியேறிற்று. அரை நிமிடங்கூட ஆகியிராது. கண்களைத் திறந்து என்னைப் பார்த்து, எல்லாம் நலம் என்று கைக்குறி காட்டினாள். எங்களுக்குக் கீழே ஒரு முழத் தொலைவில் இருந்த பவழக்கிளை ஒன்றும் முறியவில்லை. வெளியே நின்று காண்போர்க்கு அங்கே எதுவும் நிகழவில்லை. தந்தையாகிய எனக்கோ, குளத்தில் மூன்று நாள் சும்மா நின்றதன் பயன் முழுதும் அந்த அரை நிமிடத்தில் கைவந்தது.

பெங்களூரில் வாழ்வோர் கருத்திற்கொள்ள வேண்டியது இன்னும் ஒன்றுண்டு. ஆழத்தில் அழுத்தத்தோடு மூச்செடுக்கும்போது உடலில் நைட்ரஜன் கரைகிறது. அது மெல்ல வெளியேறக் காலம் வேண்டும். அதற்குள் அழுத்தம் குறைந்த உயரமான இடத்திற்குச் சென்றால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போலக் குமிழிகள் தோன்றி, மூட்டுவலி முதல் முடக்கம் வரை விளையலாம். ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறலாகாது என்பது மூழ்குமருத்துவ வல்லுநர் பரிந்துரை. விமானம் என்றதும் நாம் பேருந்தை மறந்துவிடுகிறோம். முருதேசுவரத்திலிருந்து இரவுப் பேருந்தில் ஏறினால், விடியுமுன் மேற்குத்தொடர்ச்சி மலையைக் கடந்து 900 மீட்டர் உயரத்திற்கு வந்துவிடுவோம். புதுச்சேரியிலிருந்து வருவோர்க்கும் இதுவே நிலை. ஆகையால் நாங்கள் இரவு அங்கேயே தங்கி, மறுநாள் மாலையே புறப்பட்டோம். திங்கட்கிழமை வேலைக்குச் செல்லவேண்டிய அவசரத்தில் பலர் இதனைக் கருதுவதில்லை. ஒரு நாள் விடுப்பு ஓர் உடலினும் விலையுயர்ந்ததன்று.

இக்கலையில் விருப்பமுள்ள நம் குடும்பத்தார்க்குச் சில சொற்கள். முதலில் நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கும் கற்பியுங்கள். கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் நம் பிள்ளைகள் கிணற்றையும் ஆற்றையும் புதிதாகக் காண்கின்றனர். அங்கே நீச்சல் அழகுக் கலையன்று, உயிர்க்காப்பு. மூழ்கும் பயிற்சிக்குப் பெரும்பாலான அமைப்புகள் 10 வயது நிரம்பியோரையே ஏற்கின்றன. ஆஸ்துமா, இதயநோய், காதுக்கோளாறு உடையவர்கள் மருத்துவரைக் கேளாமல் இறங்கலாகாது. சளி பிடித்திருக்கும் நாளில் எவரும் இறங்கலாகாது. முதற்பயிற்சி முடிந்த கையோடு ஆழத்தை நாடாமல், மிதப்பைப் பழகுங்கள். நல்ல பயிற்சியாளரை அறிய ஓர் எளிய வழி உண்டு: அவர் உங்கள் எடையைப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று கவனியுங்கள்.

ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர்க்குக் கயிறு பிடிக்க மைத்துனரும் மாமனும் பக்கத்தில் இல்லை. அவர்கள் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் வேலூரிலும் இருக்கின்றனர். இங்கே நாமே ஒருவருக்கொருவர் துணை. துணையாவதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. துணைவரின் மட்டத்தில், அவர் கைக்கெட்டும் தொலைவில், நிலைகுலையாமல் நிற்கும் பயிற்சியும் வேண்டும். அப்பயிற்சி மூன்று மீட்டர் நீரில், ஒரு மூச்சிலிருந்து தொடங்குகிறது. வரும் பருவத்தில் கடல்நோக்கிச் செல்லும் நம் பிள்ளைகள் அனைவரும் அதனைப் பெற்றுச் செல்வார்களாக. சென்றவாறே நலமுடன் இல்லம் திரும்புவார்களாக.